பழைய செய்லிங் போட்டோட கேபின் கூரை ஊறிப்போனா எப்படி ரிப்பேர் பண்ணுறது: மலையில இருக்கவங்களுக்கு எந்த வழி சரிவரும்?

என் மச்சான்கிட்ட ஒரு பழைய செய்லிங் போட் இருக்கு, 20 அடி, 1970கள்ல செஞ்ச பைபர் போட். கொழும்புப் பக்கம் வச்சிருந்தவங்ககிட்ட வாங்கி ட்ரெயிலர்ல ஏத்திக் கொண்டாந்து, மலைநாட்டுல ஹட்டனுக்குக் கிட்ட இருக்கிற காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் வச்சிருக்காரு. தென்மேற்குப் பருவக் காத்துல யூகலிப்டஸ் கிளை ஒண்ணு முறிஞ்சி கேபின் கூரை மேல விழுந்துருச்சி, மாஸ்ட் (பாய் கட்டுற கம்பம்) நிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அதப் பாத்தவங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் பட்டி வச்சி பெயின்ட் அடிங்கன்னாரு, ஒருத்தர் ஓட்டை போட்டு ரெசின் ஊத்துங்கன்னாரு, இன்னொருத்தர் கூரையையே கழட்டிப் புதுசு செய்யணும்னாரு. நான் ஹட்டன்ல பைபர் வேலை செய்யிறேன், பஸ் பம்பர், வேன் கூரை, தண்ணி டேங்க் இப்படி, அதுக்கு முன்னால நீர்கொழும்புல போட் யார்டுல வேலை பாத்தேன், அதனால கடைசியில என்கிட்ட வந்து நின்னாரு. அவருக்குச் சொன்னதத்தான் இங்க விரிவா எழுதுறேன், ஏன்னா இந்த விஷயத்துல மத்த நாட்டுக்காரங்க சொல்லுற முறைய அப்படியே எடுத்து நம்ம குளிருலயும் மிஸ்ட்லயும் பண்ணினா வேலை நிக்காது.

என் முடிவ முன்னாலயே சொல்லிடுறேன். வெடிப்பு எவ்வளவு நீளம்ங்கிறது பெரிய கணக்கு இல்ல. கூரைக்குள்ள இருக்கிற மரம் எவ்வளவு தூரத்துக்கு ஊறியிருக்கு, நீங்க வேலை செய்யப் போற இடத்துல சூடும் ஈரமும் எப்படி, இந்த ரெண்டும்தான் எந்த வழின்னு தீர்மானிக்கும்.

இந்தக் காலத்துப் போட்ல கேபின் கூரை ஒரே கட்டிப் பைபர் கிடையாது. மேல ஒரு 3 மில்லிமீட்டர் பைபர் தோல், கீழ அதவிட மெல்லிசா இன்னொரு தோல், நடுவுல 10, 12 மில்லிமீட்டருக்கு பால்சா மரம், நார் மேல கீழ நிக்கிற மாதிரி வெட்டின சின்னச் சின்னச் சதுரமா. சில போட்ல பால்சாவுக்குப் பதிலா பிளைவுட் இருக்கும். ஏன் இப்படிச் செய்யிறாங்கன்னா கனம் கூடக் கூட விறைப்பு ரொம்ப வேகமா ஏறும், கட்டிப் பலகைக்குக் கனத்த ரெண்டு மடங்காக்கினா விறைப்பு எட்டு மடங்கு, அதே கனத்த லேசான மரத்த நடுவுல வச்சி எடுத்தா பாரமும் ஏறாது. ஆனா இந்த மூணும் ஒண்ணா ஒட்டி இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பலம். நடுவுல மரம் அழுகி தோல விட்டுக் கழண்டா மேல் தோல் தனியா கீழ் தோல் தனியா வளையும், கால வச்சா அமுங்கும், அப்புறம் மேல எத்தனை கோட் பெயின்ட் அடிச்சாலும் அமுங்கிக்கிட்டே தான் இருக்கும்.

தண்ணி எப்படி உள்ள போகுதுன்னா, பெரும்பாலும் கிளை விழுந்த வெடிப்பு வழியா மட்டும் இல்ல. கைப்பிடி, கிளீட் (கயிறு சுத்திக் கட்டுற கொம்பு), மாஸ்ட் அடித்தட்டு, ஹட்ச் (கூரையில இருக்கிற மூடி) இதெல்லாம் இறுக்கின போல்ட் ஓட்டை வழியா வருசக்கணக்கா சொட்டுச் சொட்டா இறங்கியிருக்கும். மச்சானோட போட்லயும் அப்படித்தான், கிளை விழாம இருந்திருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள்ல இதே வேலைதான் வந்திருக்கும்.

அதனால முதல்ல தட்டிப் பாருங்க. ஸ்பேனரோட பின் பக்கமோ கனமான ஸ்பூனோ போதும், கூரை முழுக்க ரெண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடம் டங்குனு கேக்கும், கழண்ட இடம் பொத்துனு கேக்கும், வித்தியாசம் காதுக்கே தெரியும். பென்சிலால சுத்திக் கோடு போட்டுக்கிட்டே போங்க. அப்புறம் சந்தேகமான இடத்துல கேபினுக்குள்ள இருந்து, கீழ் தோல மட்டும் துளைக்கிற மாதிரி 5 மில்லி பிட்ல ஒரு ஓட்டை, பிட்டுக்கு டேப் சுத்தி ஆழம் அடையாளம் வச்சிக்கங்க. வர்ற தூள் வெள்ளையா, மாவா, காய்ஞ்சி இருந்தா அந்த இடம் நல்லாருக்கு. பழுப்பா ஈரமா பிட்ல ஒட்டிக்கிட்டு வந்தா ஊறிடுச்சி. மச்சானோட போட்ல மாஸ்ட் அடித்தட்டுக்குப் பக்கத்துல ஓட்டை போட்டப்ப பழுப்புத் தண்ணி ட்ரில் வழியா கைக்கு வழிஞ்சிச்சி, உள்ள இருந்த பால்சா தேத்தண்ணியில ஊறின ரஸ்க் மாதிரி விரல்ல மசிஞ்சி வந்துச்சி. வெடிப்பு ஒரு முழம், ஊறின இடம் தட்டிப் பாத்துக் கோடு போட்டப்ப கூரையில பாதிக்குக் கிட்ட.

இப்ப வழிகளப் பாப்போம்.

பட்டி வச்சி பெயின்ட் அடிக்கிறது. இது ஜெல்கோட் (பைபருக்கு மேல இருக்கிற பளபளப்புப் பூச்சு) மட்டும் நூல் மாதிரி கீறியிருந்து கீழ தட்டினா டங்குனு கேட்டா சரியான வழி, அதுக்கு மேல செலவழிக்கத் தேவையே இல்ல. ஈர மரத்துக்கு மேல பண்ணினா உள்ள இருக்கிற தண்ணிக்குக் காயிற வழியையும் அடைக்கிறீங்க. இதுக்கு மேல இதப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல.

ஓட்டை போட்டு ரெசின் ஏத்துறது, ஊசி போடுற முறை. ஒரு அங்குல இடைவெளியில மேல் தோல்ல ஓட்டை போட்டு சிரிஞ்சால எபொக்சி (ஹார்ட்னர் கலந்தா இறுகுற, ஒட்டுறதுல பலமான ஒரு வகை ரெசின்) ஏத்துவாங்க. கேக்க லேசா இருக்கு, வெட்டுற வேலை இல்ல, ரெண்டு நாள்ல முடியும், அதனாலதான் நிறையப் பேர் இதுல ஆசப்படுறாங்க. ஆனா எபொக்சி தண்ணியத் தள்ளிட்டு அந்த இடத்துல போய் உக்காராது. ஈரமான மரத்துல ஒட்டாது, அழுகின மரத்தக் கட்டியாவும் ஆக்காது. எந்த ஓட்டை வழியா எவ்வளவு போச்சு, எங்க வெறுமையா நிக்குதுன்னு நமக்குத் தெரியவும் தெரியாது. கொழும்பு வெயில்ல ஓட்டையத் திறந்து போட்டு மாசக்கணக்கா காய வச்சிட்டுச் செய்யிறவங்க இருக்கலாம், நம்ம பக்கம் ஆறு மாசம் திறந்து போட்டாலும் உள்ள ஈரம் போகாது, மிஸ்ட் இறங்குனா இன்னும் ஏறும். நான் இந்த முறைய ஒரே ஒரு நிலைமைக்குத்தான் ஒத்துக்குவேன், மரம் நல்லா காய்ஞ்சி இருக்கு, தோல் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கழண்டிருக்கு. கிளை விழுந்த வேகத்துல அப்படிக் கழண்டு, உடனே கண்டுபிடிச்சா இது போதும்.

மேல இன்னொரு தட்டு போடுறது. பழைய கூரைக்கு மேல 6 மில்லி பிளைவுட் ஒட்டி அதுக்கு மேல மூணு லேயர் மேட் (கண்ணாடி நூல ஒட்டிச் செஞ்ச விரிப்பு). பஸ் கூரை செஞ்சி பழகின பாஸ்மாருக்கு (மேஸ்திரிமாருக்கு) இது கைவந்த வேலை, அதனால இதச் சொல்லுவாங்க. கணக்குப் பாருங்க, கூரை சுமார் 3 சதுர மீட்டர், 450 கிராம் மேட் மூணு லேயர்னா மேட் மட்டும் 4 கிலோ, ரெசின் 9 கிலோவுக்கு மேல, பிளைவுட் 10 கிலோ தாண்டும், எல்லாம் சேந்து 25 கிலோ போட்டோட உச்சியில போய் உக்காருது. பஸ்ஸுக்கு அது ஒண்ணுமே இல்ல, பாய் விரிச்சி சாயிற 20 அடி போட்டுக்கு அது உணர்ற பாரம், அதுலயும் நம்ம நீர்த்தேக்கங்கள்ல காத்து மலை இடுக்குல திரும்பித் திடீர்னு அடிக்கும். பாரத்த விட மோசம் என்னன்னா அழுகல் கீழ தொடர்ந்து நடக்கும், மாஸ்ட் அழுத்துற பாரம் அந்த மசிஞ்ச மரத்து மேலயே தான் நிக்கும். கூரை காய்ஞ்சி நல்லா இருக்கு ஆனா நடந்தா கொஞ்சம் துள்ளுதுன்னா, அதுக்கு வேற வழி இருக்கு: கேபினுக்கு உள்ள குறுக்கா ரெண்டு மூணு மர விட்டம் வளைவுக்கு ஏத்த மாதிரி செதுக்கி வச்சி பைபர் போட்டு மூடுறது. பாரமும் கொஞ்சம், வேலையும் கொஞ்சம்.

அடுத்தது உள்ள இருந்து வெட்டுறது. கீழ் தோல வெட்டி எடுத்து, ஊறின மரத்தச் சுரண்டி எடுத்து, புது மரம் ஒட்டி, திரும்ப மூடுறது. மேல இருக்கிற ஜெல்கோட், வழுக்காத சொரசொரப்பு டிசைன் எதுவும் கெடாது, வெளியில இருந்து பாத்தா ரிப்பேர் பண்ணினதே தெரியாது. அதுக்காகவே இத விரும்புறவங்க இருக்காங்க, அவங்க விருப்பத்துல தப்பில்ல. ஆனா வேலை தலைக்கு மேல. ரெசின் கைமேலயும் கண்ணாடி மேலயும் சொட்டும், ஈர மேட் பிச்சிக்கிட்டு விழும், புது மரத்த ஒட்டினதும் கீழ இருந்து பலகை, முட்டுக்கட்டை குடுத்துத் தாங்கிப் பிடிக்கணும். நிமிந்து உக்காரக்கூட முடியாத கேபின்ல கிரைண்டர் போட்டா பைபர் தூசு எங்க போகும்? பொலியெஸ்டர்னா (பைபர் வேலைக்குச் சாதாரணமா எடுக்கிற ரெசின்) அதுல இருக்கிற ஸ்டைரீன்ங்கிற கரைப்பானோட மணம் வேற, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிஜ் உள்ள மாஸ்க் இல்லாம உள்ள போகவே கூடாது, துணி மாஸ்க் அதுக்குப் பிரயோசனம் இல்ல. இன்னொண்ணு, பழைய போட் பலதுல கேபினுக்குள்ள தெரியிறது கீழ் தோலே இல்ல, அழகுக்கு மாட்டின இன்னொரு பைபர் லைனர், அதுக்கும் கூரைக்கும் நடுவுல வெறும் இடம். அப்படின்னா ரெண்டையும் வெட்டணும். மச்சானோட போட்ல மேல் தோலே வெடிச்சிருக்கு, எப்படியும் மேல வேலை செஞ்சாகணும், அதனால உள்ள இருந்து பண்ணுறதுக்கு நியாயமே இல்லாமப் போச்சி.

மேலருந்து வெட்டுறது. நான் அவருக்குச் சொன்னது இதத்தான், இதப் பத்திக் கொஞ்சம் கூடுதலா எழுதுறேன்.

முதல்ல மாஸ்ட்ட இறக்குங்க, அது நிக்கிறப்ப கூரையத் தொடவே கூடாது. கேபினுக்குள்ள இருந்து வளைவு மாறாம இருக்க ரெண்டு மூணு இடத்துல மரக் கால் முட்டுக் குடுங்க, ஏன்னா மேல் தோல எடுத்துட்டா மீதி இருக்கிற கீழ் தோல் ரொம்ப மெல்லிசு, தொங்கிடும், தொங்கின வளைவுலயே புதுக் கூரை இறுகிடும், அப்புறம் ஹட்ச் உக்காராது. பென்சில் கோட்டுக்கு வெளிய நல்ல மரம் வர்ற வரைக்கும் போய் நேர் கோடா அடையாளம் வச்சி, கட்டர மேல் தோலோட ஆழத்துக்கு மட்டும் செட் பண்ணி வெட்டுங்க. கேபின் சுவரோட மூலை வளைவு வரைக்கும் போகாதீங்க, ஒரு 5 சென்டிமீட்டர் தட்டையான விளிம்ப விட்டு வைங்க, பிறகு புதுசு போய் ஒட்டிக்க இடம் வேணும். தோல் ஊறின இடத்துல தானா கழண்டு வரும், நல்ல இடத்துல உளி வச்சிக் கிளப்ப வேண்டி வரும். அது முழுசா வந்தா எறியாதீங்க, திரும்ப அதையே ஒட்டலாம், வளைவு சரியா இருக்கும். வெடிச்ச பகுதி இருந்தா அந்தத் துண்ட விட்டுட்டு புது லேயர் போடலாம்.

அப்புறம் ஈர மரத்தச் சுரண்டி எடுத்து, கீழ் தோலோட உள் பக்கத்த 40, 60 நம்பர் பேப்பரால நல்லா தேச்சி, காய விடணும். இங்கதான் மலை நாட்டு விஷயம் வருது. எல்லாரும் காஞ்சிருச்சான்னு கையால தொட்டுப் பாப்பாங்க, அது போதாது. நம்ம ஊர்ல ஒவ்வொரு தேயிலை பேக்டரியிலயும் ஈர பல்ப், காய்ஞ்ச பல்ப்புன்னு ரெண்டு தெர்மாமீட்டர் சேந்த கருவி தொங்கும், வாட்டுற மாடியில காத்துல ஈரம் எவ்வளவுன்னு பாக்க. பேக்டரியில தெரிஞ்ச ஆள் இருந்தா அத எப்படிப் பாக்கிறதுன்னு கேட்டுக்கங்க, அதே மாதிரி ஒண்ணு வேலை செய்யிற இடத்துல மாட்டுங்க. காய்ஞ்சது 22, ஈரம் 19னு காட்டினா காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதம், வேலை செய்யலாம். ரெண்டுக்கும் ஒரு டிகிரி தான் வித்தியாசம்னா அன்னைக்கு ரெசின் டின்னத் திறக்காதீங்க, பைபர் மேல கண்ணுக்குத் தெரியாம தண்ணி படிஞ்சிருக்கும். காலையில பத்து மணிக்கு முன்னாலயும் பின்நேரம் மூணு மணிக்குப் பிறகும் நம்ம பக்கம் பெரும்பாலும் இந்த நிலைமைதான்.

நடுவுல என்ன வைக்கிறது? பால்சா லேசு, பலம், ஆனா தனியாள் வாங்குற அளவுக்கு இங்க கிடைக்கிறது கஷ்டம், திரும்ப தண்ணி போனா திரும்ப அழுகும். மரைன் பிளைவுட், பி.எஸ். 1088 முத்திரை உள்ளது, கொழும்புல கிடைக்கும், மாஸ்ட் அடியில பலமா நிக்கும், ஆனா பாரம் கூட, அதோட பிளைவுட்ல ஒரு மூலையில போன தண்ணி நார் வழியா நீளத்துக்கும் ஓடும். அதனால முழுத் தாளா வைக்காம ஒரு கை அகலச் சதுரமா வெட்டி இடையில எபொக்சி கலவை (தூள் சேத்துக் கெட்டியாக்கின எபொக்சி) நிரப்பி வைங்க, வளைவுக்கும் அப்பதான் படியும். போட்டுக்குன்னே வர்ற கட்டி பிவிசி ஃபோம் கிடைச்சா அது அழுகாது, லேசு, நான் முதல்ல தேர்ந்தெடுக்கிறது அது, ஆனா போல்ட் இறுக்குற இடத்துலயும் மாஸ்ட் அடியிலயும் ஃபோம் வைக்காதீங்க, நசுங்கும், அந்த இடத்துக்குப் பிளைவுட் இல்லன்னா கட்டிப் பைபர். பெரிய மீன்பிடிப் போட்ல ஐஸ் அறைக்கு ஊத்துற மஞ்சள் ஃபோம் சூடு காக்கத்தான், மேல நடந்தா உள்ளுக்குள்ள பொடியாகிடும். ரெஜிபோம் (சாமான் பெட்டிக்குள்ள வர்ற வெள்ளை ஃபோம்) பத்திக் கேக்கிறவங்களும் இருக்காங்க, பொலியெஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைஞ்சி ஓடிடும், வேணவே வேணாம்.

கீழ் தோல் மேல எபொக்சி கலவை பூசி மரமோ ஃபோமோ வச்சதும் மேல பொலித்தீன் விரிச்சி மணல் மூட்டை அடுக்கி அழுத்தணும், ஓரத்துல கலவை பிதுங்கி வந்தா அடியில வெறுமை இல்லன்னு அர்த்தம். இறுகினதும், மேல போடுற புது லேயர் ஏறிப் பிடிக்கிற மாதிரி சுத்தியுள்ள பழைய தோல சரிவாத் தேய்க்கணும், தோல் 3 மில்லின்னா சரிவு 36 மில்லி, அதாவது ஒண்ணுக்குப் பன்னிரண்டு. இந்தச் சரிவத்தான் நம்ம பக்கம் யாருமே செய்யிறதில்ல, ஓட்டைய மட்டும் நிரப்பி மேல சமமாத் தேச்சி விட்டுடுறாங்க, அப்ப புதுசும் பழசும் வெறும் விளிம்புல தான் ஒட்டி நிக்குது, ரெண்டு சீசன்ல அதே கோட்டுல திரும்ப வெடிக்கும்.

ரெசின் எது? இதுலதான் மச்சானுக்கும் எனக்கும் ரொம்ப நேரம் பேச்சு. பொலியெஸ்டர் விலை குறைவு, எபொக்சி அதவிட ரெண்டு மூணு மடங்குக்கு மேல போகும். பொலியெஸ்டர் நம்ம எல்லா பைபர் பாஸுக்கும் கைப்பழக்கம், ஹார்ட்னர் ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்குள்ள கூட்டிக் குறைச்சி வேகத்த மாத்திக்கலாம். புதுசா மோல்ட்ல போட் செய்யிறதுக்கு அது நல்ல பொருள், யார்டுல நாங்க செஞ்ச போட் எல்லாம் அதுலதான். ஆனா இறுகிப் போன பழைய பைபர்ல ஒட்டுறதுக்கும் மரத்துல ஒட்டுறதுக்கும் எபொக்சிக்கு இருக்கிற பிடிப்பு அதுக்கு வராது. அதோட குளிர். 15 டிகிரிக்குக் கீழ போனா பொலியெஸ்டர் கட்டியான மாதிரி தெரியும், உள்ள முழுசா இறுகியிருக்காது, வாரக்கணக்கா மணம் வீசிக்கிட்டே இருக்கும். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் ஜனவரி ராத்திரி 15க்குக் கீழ போறது சாதாரணம், 1868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுல கேக்கவே வேணாம், அங்க அந்த மாசங்கள்ல பனி உறைஞ்சி கொழுந்தே கருகுது.

எபொக்சியும் குளிர்ல தாமதிக்கும், ஆனா அதுக்கு ஹார்ட்னர மாத்திக்கலாம். வெஸ்ட் சிஸ்டம்ங்கிற எபொக்சி பிராண்ட்ல பாத்தா வேகமான ஹார்ட்னர் 5 டிகிரி வரைக்கும் இறுகும், ஸ்லோ ஹார்ட்னருக்கு 16க்கு மேல வேணும். நம்ம பக்கத்துக்கு வேகமானது, கீழ கொண்டு போனா ஸ்லோ. ஆனா அளவ மட்டும் மாத்தக்கூடாது, பொலியெஸ்டர் பழக்கத்துல சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்ட்னரக் கூட ஊத்தினா எபொக்சி மெத்துனு நின்னுடும். அந்த பிராண்ட்ல அந்த ரெண்டு ஹார்ட்னருக்கும் அஞ்சுக்கு ஒண்ணு, வேற பிராண்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு இருக்கும், டின்ல போட்டிருக்கிறதத் தராசு வச்சோ பம்ப் வச்சோ அப்படியே எடுங்க. குளிர்லயும் ஈரத்துலயும் இறுகுற எபொக்சி மேல மெழுகு பூசின மாதிரி ஒரு வழுவழுப்பு வரும், அது மேல அப்படியே அடுத்த லேயரோ பெயின்ட்டோ போட்டா உரிஞ்சி வரும். சாதாரணத் தண்ணியும் பச்சை ஸ்கொச் பிரைட்டும் போட்டுக் கழுவித் தொடச்சிட்டு அப்புறம்தான் சாண்ட் பேப்பர், முதல்லயே தேச்சா அத உள்ளுக்குத் தேய்க்கிறீங்க.

மேட் விஷயத்துலயும் கவனம். கடையில எடுக்கிற சாதாரண மேட்ல நூல ஒட்டி வச்சிருக்கிற பசை ஸ்டைரீன்லதான் கரையும், எபொக்சியில ஸ்டைரீன் இல்ல, அதனால மேட் விறைச்சி நிக்கும், வளைவுல படியாது. எபொக்சிக்கு நெய்த கண்ணாடி நூல் துணி இல்லன்னா குறுக்கு நெடுக்கா தைச்ச பைஆக்சியல் வாங்குங்க. அதுக்கு ரெசினும் குறைவு, துணி ஒரு கிலோவுக்கு ரெசின் ஒரு கிலோ, மேட்டுக்குன்னா ரெண்டு, ரெண்டரை கிலோ குடிக்கும். எபொக்சி விலை கூடங்கிற வித்தியாசத்துல ஒரு பகுதி இதுலயே திரும்ப வந்துடுது, இதச் சொன்னப்பதான் மச்சான் கொஞ்சம் இறங்கி வந்தாரு.

பொலியெஸ்டர்தான்னு முடிவெடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹார்ட்னர் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், கண்ணாடி போடாம அந்தப் போத்தலத் தொடாதீங்க. சில கடையில கோபால்ட் (ரெசின் இறுகுறத வேகப்படுத்துற திரவம்) தனியாத் தருவாங்க, அதையும் ஹார்ட்னரையும் நேரா ஒண்ணா ஊத்தவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்ட ரெசின்ல முழுசாக் கலக்கி முடிச்ச பிறகுதான் ஹார்ட்னர்.

எங்க வச்சிச் செய்யிறதுங்கிறது இன்னொரு பெரிய தெரிவு. கினிகத்தேன, கித்துல்கல வழியா அவிசாவளைக்கு இறக்கி நீர்கொழும்பு யார்டுக்குக் கொண்டு போகலாம். அங்க 28, 30 டிகிரி, பொருள் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல, கை தேர்ந்த பாஸ்மார் இருக்காங்க, அவங்க வேகம் எனக்கு வராது. ஆனா அவங்க தினம் செய்யிறது கட்டிப் பைபர் மீன்பிடிப் போட், நடுவுல மரம் வச்ச கூரைய வெட்டித் திறந்து செய்யிற வேலை அவங்களுக்கு எப்பவாவது தான் வரும். பக்கத்துல ஆள் நிக்கலன்னா பொலியெஸ்டர் மேட்ட மேல போட்டு அழகா முடிச்சிக் குடுத்துடுவாங்க. அதுக்கு மேல ட்ரெயிலர் டயர், பேரிங், கினிகத்தேன வளைவுகள், லொறி வாடகை, தங்குற செலவு. கூரை முழுசா போயிட்டு புதுசா மோல்ட் அடிக்கணும், சுவரும் சேந்து வெடிச்சிருக்குன்னா நான் யோசிக்காம கீழ கொண்டு போகச் சொல்லுவேன். பாதிக் கூரைக்கு அவ்வளவு தேவையில்ல.

நடுவுல ஒரு வழி இருக்கு. கண்டிப் பக்கம், தெல்தெனிய, விக்டோரியா நீர்த்தேக்கத்துப் பக்கம் ஷெட் உள்ள சொந்தக்காரங்க இருந்தா அங்க கொண்டு போறது. நம்மள விட நிறைய இறக்கம், ராத்திரியும் அவ்வளவு குளிராது. ஆனா அங்க வடகீழ் மழை ஜனவரி வரைக்கும் இழுக்கும், பெப்ரவரிக்குப் பிறகுதான் நல்லது. ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும்தான் நல்ல வெயில், மே வந்தா முடிஞ்சிது கதை.

மச்சான் கடைசியில எடுத்த முடிவு இதுதான்: ஜனவரியில, இருக்கிற இடத்துலயே, மேலருந்து வெட்டி, எபொக்சி, நடுவுல ஃபோம், மாஸ்ட் அடியிலயும் போல்ட் வர்ற இடத்துலயும் பிளைவுட். போட்டுக்கு மேல மூங்கில் வளைச்சி பொலித்தீன் கூடாரம், சூட்டுக்கு அடியில 100 வாட் பழைய இழை பல்ப் நாலஞ்சு, தகரத் தடுப்போட, டின்னும் துணியும் பக்கத்துல இல்லாம. காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஹீட்டர், கரி எதுவும் கூடாரத்துக்குள்ள வேணாம். நெருப்பு எரியிறப்பவே தண்ணி ஆவியும் கரியமில வாயுவும் வரும், எபொக்சி மேல வர்ற அந்த வழுவழுப்பு அதனாலதான் கூடும், கழுவ வச்சிருக்கிற அசிட்டோனோட ஆவி பத்திக்கிற ஆபத்து வேற. ராத்திரி முழுக்க பல்ப் எரியணும், அதனால கரன்ட் கட்டாகிற நாளு பாத்து லேயர் போடாதீங்க.

மேல பூசுறதுக்கு ஜெல்கோட் வேணாம், எபொக்சி மேல அது ஒழுங்காப் பிடிக்காது. வாகனத்துக்கு அடிக்கிற ரெண்டு பாகம் கலக்குற பெயின்ட் கடையில கலர் பாத்துக் கலக்கித் தருவாங்க, அது போதும், ஆனா பெயின்ட் இல்லாம விட்டுடாதீங்க, நம்ம உயரத்துல வெயில் குளிரா இருந்தாலும் எபொக்சியத் தின்னுடும். நடக்கிற இடத்துக்கு முதல் கோட் ஈரமா இருக்கிறப்ப சலிச்ச நுண் மணல் தூவி, காய்ஞ்சதும் கூட்டித் தள்ளி, மேல இன்னொரு கோட். போல்ட் 6 மில்லின்னா ஓட்டைய 12 மில்லியா போட்டு எபொக்சி கலவையால அடைச்சி, இறுகினதும் நடுவுல 6 மில்லி போடுங்க, அப்ப சீலன்ட் கழண்டாலும் தண்ணிக்கு மரத்தத் தொட வழியில்ல. பழைய கூரை ஊறினதே இதச் செய்யாததாலதான்.

ஜனவரி வரைக்கும் என்ன பண்ணுறதுன்னு கேட்டாரு. மாஸ்ட்ட இறக்கியாச்சி. கைப்பிடியும் கிளீட்டும் கழட்டி வச்சாச்சி. கூரைக்குக் கொஞ்சம் மேல கயிறு கட்டி தார்ப்பாய் போட்டிருக்கு, ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி, கூரையோட ஒட்டிக் கிடந்தா தார்ப்பாய்க்கு அடியிலயே வேர்த்து ஈரம் இறங்கும். உள்ள போட்ட ஓட்டைகள அடைக்கல, வர்ற தண்ணி வடியட்டும்னு அடியில டின் வச்சிருக்கு. வெடிப்புக்கு மேல ஒட்டினது சாதாரண பிளாஸ்டிக் டேப். ஹார்ட்வெயார் கடையில சிலிக்கோன் குடுத்து விட்டாங்க, அதத் திருப்பிக் குடுக்கச் சொன்னேன், ஒரு தடவை சிலிக்கோன் பட்ட பைபர்ல எவ்வளவு தேச்சாலும் ரெசின் பிடிக்காது.